மிண்டன் மேட்டிலிருந்து பைரம் தோட்டம் வரை: ஒரு பல்கலைக்கழகத்தின் பொறுப்பு எதுவரை?

பினாங்குத் தீவின் குளுகோர் பகுதியில், ஒரு காலத்தில் பிரிட்டிஷ் இராணுவ முகாம் இருந்த மிண்டன் மேட்டில் அமைந்திருக்கிறது மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். யூ.எஸ்.எம். என்று ஊரில் எல்லாரும் சொல்லும் இந்தப் பல்கலைக்கழகம் 2022இல் உலகத் தரவரிசை ஒன்றில் நான்காம் இடத்தைப் பெற்றது. 2023இலும் அதே இடத்தில் நின்றது. கல்வித் தரத்தில் உலகின் நான்காவது பல்கலைக்கழகம் நம் ஊரில் இருக்கிறது என்று அந்தச் செய்தியைப் புரிந்துகொண்டு மகிழ்ந்த பெற்றோரை நான் அறிவேன். மகிழ்ச்சி நியாயமானதே, புரிதல் மட்டும் சற்றுத் திருத்தம் வேண்டுவது.

அது டைம்ஸ் உயர்கல்வி இதழ் 2019 முதல் வெளியிட்டுவரும் தாக்கத் தரவரிசை. ஐக்கிய நாடுகள் சபை வகுத்த 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளுக்கு ஒரு பல்கலைக்கழகம் எந்த அளவுக்குத் துணை நிற்கிறது என்பதை அது மதிப்பிடுகிறது. வறுமை, பாலின சமத்துவம், தூய்மையான நீர், கண்ணியமான வேலை, ஏற்றத்தாழ்வைக் குறைத்தல், பருவநிலை ஆகியவை அந்த இலக்குகளுள் சில. எல்லா இலக்குகளிலும் பெற்ற மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்ப்பதில்லை. கூட்டுறவு குறித்த 17ஆவது இலக்கு எல்லாருக்கும் கட்டாயம், அதற்கு 22 விழுக்காடு; எஞ்சியவற்றில் அந்தப் பல்கலைக்கழகம் சிறந்து விளங்கும் மூன்று மட்டும் எடுத்துக்கொள்ளப்படும், ஒவ்வொன்றுக்கும் 26 விழுக்காடு. சான்றுகளைத் திரட்டித் தருவதும் பெரும்பாலும் பல்கலைக்கழகமே. எழுதப்பட்ட கொள்கை இருக்கிறதா, அது பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் வெளியிடப்பட்டிருக்கிறதா, அண்மையில் மறுஆய்வு செய்யப்பட்டதா என்ற கேள்விகளுக்கு அங்கே கணிசமான மதிப்பெண் உண்டு.

இதனால் அந்த நான்காம் இடம் வெறும் காகிதப் பெருமை என்று ஆகிவிடாது. சமத்துவம், அரவணைப்பு, அறநெறி, சூழல் பொறுப்பு என்ற நான்கையும் எழுத்தில் வைத்து, ஊரறிய வெளியிட்டு, ஆண்டுதோறும் கணக்குக் காட்டும் பழக்கம் நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு வந்திருப்பதே பெரிய மாற்றம். எழுதிக் கொடுத்த வாக்கை நாம் சுட்டிக்காட்டிக் கேட்க முடியும். எழுதாததைக் கேட்க வழியில்லை. ஆனால் எங்கே போய்க் கேட்பது என்பது தெரிந்திருக்க வேண்டும். அறிக்கையில் இந்நான்கும் தனித்தனி அத்தியாயங்களாகவும் தனித்தனி அலுவலகங்களின் பொறுப்பாகவும் இருக்கின்றன. வளாகத்துக்கு வெளியே நின்று பார்க்கும் ஒருவருக்கு அவை ஒரே கேள்வியாகத்தான் தெரியும்: இந்தப் பல்கலைக்கழகம் நடப்பதற்கான செலவில் எந்தப் பங்கு, யாருடைய தலையில் இறங்குகிறது? இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு செல்கிறது.

முதலில் சற்று வரலாறு. பினாங்கில் தமிழ்க் கல்வியின் தொடக்கத்தை 1816இல் பினாங்கு ஃப்ரீ பள்ளியில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து கணக்கிடுவது மலேசியத் தமிழரின் வழக்கம். உயர்கல்விக்கு இந்தத் தீவு அதற்குப் பிறகு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்தது. பினாங்குக்கு ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி வேண்டும் என்று மாநிலச் சட்டமன்றம் 1962இல் தீர்மானம் இயற்றியது. 1969இல் பினாங்குப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் வகுப்புகள் தொடங்கின. 1971இல் மிண்டனுக்கு இடம் மாறியது. அதே 1971இல்தான் இன்று பலரும் மறந்துவிட்ட ஒரு முயற்சியும் தொடங்கியது. வளாகத்துக்கு வர இயலாத, வேலையை விட முடியாத பெரியவர்களுக்கான தொலைதூரப் பட்டப்படிப்பு அது. நாட்டிலேயே அதுதான் முதல். பகலில் வகுப்பறையில் நின்று பாடம் நடத்திவிட்டு, இரவில் தபாலில் வந்த பாடப் புத்தகத்தை விரித்து வைத்துப் படித்துப் பட்டதாரியான தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இந்த நாட்டில் பலர். சமத்துவம் என்ற சொல் கொள்கை ஆவணங்களில் இடம்பெறுவதற்கு வெகுநாள் முன்பே, மாணவன் வளாகத்தைத் தேடி வர வேண்டிய செலவைப் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொண்டு அவனைத் தேடிப் போனது. அதைவிடத் தெளிவான சமத்துவத் திட்டம் ஒன்றை என்னால் காட்ட முடியவில்லை.

சூழல் பொறுப்பு நிறுவனத்தின் நடுப்புள்ளிக்கு வந்தது 2000க்குப் பிறகு. வளாகத்தைத் தோட்டத்துக்குள் இருக்கும் பல்கலைக்கழகமாகக் காணும் எண்ணம் அப்போது முன்வைக்கப்பட்டது. மரத்தை வெட்டிக் கட்டடம் எழுப்பாமல், நிற்கும் மரத்தைச் சுற்றித் திட்டமிட வேண்டும் என்பது அதன் சாரம். மிண்டனின் பழைய தூங்குமூஞ்சி மரங்களின் நிழலில் நடந்தவர்களுக்கு அதன் பயன் சொல்லாமலே புரியும். 2005இல் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம் நீடித்த வளர்ச்சிக் கல்விக்கான வட்டார நிபுணத்துவ மையங்களை உலகெங்கும் அங்கீகரிக்கத் தொடங்கியபோது, முதல் ஏழில் ஒன்று பினாங்கில் யூ.எஸ்.எம்.மைச் சார்ந்து அமைந்தது. 2008இல் அரசாங்கம் அபெக்ஸ் என்ற சிறப்புத் தகுதிக்கு இந்த ஒரு பல்கலைக்கழகத்தை மட்டும் தேர்ந்தெடுத்தது. துணைவேந்தர் சுல்கிஃப்லி அப்துல் ரசாக் தலைமையில் அதற்காக முன்வைக்கப்பட்ட திட்டம், உலகின் அடித்தட்டில் வாழும் நூறு கோடி மக்களின் வாழ்வை உயர்த்துவதைப் பல்கலைக்கழகத்தின் நோக்கமாகவே அறிவித்தது. ஏனைய பல்கலைக்கழகங்கள் ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையைத் துரத்திக்கொண்டிருந்த காலத்தில் அப்படி ஓர் அறிவிப்புக்குத் துணிச்சல் வேண்டும்.

அந்த நூறு கோடியில் ஒரு பங்கு, தீவுக்கு எதிரே பெருநிலத்தில் உள்ள பட்டர்வொர்த்திலும் பிறையிலும் நிபோங் திபாலிலும் இருக்கிறது. அங்கிருந்து ஒரு மாணவி மிண்டனுக்கு வருவதற்கான வழி எப்படி அமைந்திருக்கிறது என்பதை விளக்கியாக வேண்டும். ஏனெனில் சமத்துவத்தைப் பற்றிய பேச்சில் மிகுதியும் குழப்பம் நிலவுவது இங்கேதான்.

மலேசியாவின் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் முதல் பட்டப்படிப்புக்கான இடங்கள் பெரும்பாலும் யூ.பி.யூ. எனப்படும் மைய அமைப்பின் வழியாகவே பகிரப்படுகின்றன. தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கும் 10 விழுக்காடு புறப்பாடத்துக்கும் உரியது. ஐந்தாம் படிவத்தின் இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேசியத் தேர்வை முடித்த மாணவர் அந்த வாசலை அடைய மூன்று முக்கியப் பாதைகள் உள்ளன. ஆறாம் படிவத்தில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு படித்து, மூன்று தவணைகளில் எஸ்.டி.பி.எம். எழுதலாம், கல்வி அமைச்சின் மெட்ரிகுலேஷன் கல்லூரியில் பெரும்பாலும் ஓராண்டில் முடிக்கலாம், அல்லது பல்கலைக்கழகங்கள் நடத்தும் அடிப்படைக் கல்வி, அதாவது அசாசி, படிக்கலாம். முதலாவதன் தேர்வைத் தேசிய அளவில் மலேசியத் தேர்வு மன்றம் நடத்துகிறது. மற்ற இரண்டின் தேர்வுகளையும் அவற்றை நடத்தும் அமைப்புகளே நடத்திக்கொள்கின்றன. ஆனால் மூன்றிலும் பெறும் 4.00 என்ற சராசரி, விண்ணப்பத்தில் ஒரே 4.00 ஆகவே மதிக்கப்படுகிறது.

மெட்ரிகுலேஷன் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ரா எனப்படும் மலாய்க்கார, பூர்வகுடி மாணவர்களுக்கும் 10 விழுக்காடு மற்றவர்களுக்கும் என்பது நீண்டகால நடைமுறை. பல்கலைக்கழகச் சேர்க்கையில் இன ஒதுக்கீடு 2002இல் நீக்கப்பட்டுத் தகுதி அடிப்படை அறிவிக்கப்பட்டது. ஆயினும் தகுதியைப் பெறும் பாதையிலேயே ஒதுக்கீடு தொடர்ந்தது. 2019இல் இடங்கள் 25,000இலிருந்து 40,000ஆக உயர்த்தப்பட்டபோதும் விகிதம் மாறவில்லை. இந்திய மாணவர்களுக்கென 2012இல் 1,500 கூடுதல் இடங்கள் ஒதுக்கப்பட்டன, எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ பெற்றவர்களுக்கு இனம் பாராமல் மெட்ரிகுலேஷன் இடம் வழங்கப்படும் என்று 2024இல் பிரதமர் அறிவித்தார். இவை நன்மை செய்தன. என்றாலும் ஆண்டுக்காண்டு அறிவிப்பை எதிர்பார்த்துக் காத்திருக்கும் நிலையைச் சமத்துவம் என்று என்னால் அழைக்க முடியவில்லை. எஸ்.பி.எம். முடிவு வந்த வாரத்தில் உறவினர் வீட்டுப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். எட்டு ஏ, ஒன்பது ஏ வாங்கிய பெண் பிள்ளை, 'எனக்குக் கிடைக்குமா மாமா?' என்று கேட்கும்போது மதிப்பெண்ணை வைத்து மட்டும் பதில் சொல்ல முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

இதன் பின்னணியில் அரசமைப்பு இருக்கிறது. 8ஆவது பிரிவு சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது. 2001இல் அதில் பாலினமும் சேர்க்கப்பட்டது. 153ஆவது பிரிவு மலாய்க்காரர், சபா சரவாக் பூர்வகுடியினர் ஆகியோரின் சிறப்பு நிலையைக் காக்கிறது. உயர்கல்வி நிலையங்களில் இடம் ஒதுக்க வகைசெய்யும் உட்பிரிவு 1971இல் வந்தது. வரலாற்றால் பின்தங்கியவர்களைக் கைதூக்கிவிடும் ஏற்பாட்டில் தவறில்லை. தமிழர்களாகிய நமக்கு ஒதுக்கீட்டின் நியாயத்தை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது வேறு. இந்தத் தீபகற்பத்தின் முதற்குடிகளான ஓராங் அஸ்லி மக்களின் பெயர் 153ஆவது பிரிவில் இல்லை. ரப்பர்த் தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது வீட்டையும் வேலையையும் ஒருசேர இழந்து நகர்ப்புற அடுக்குமாடிகளுக்கு வந்த குடும்பங்களும் அதில் இல்லை. தேவையை அளவுகோலாகக் கொண்டால் இவ்விரு சாராரும் வரிசையின் முன்னால் நிற்பார்கள்.

ஆகவே பி40 எனப்படும், வருமானத்தில் கீழ் 40 விழுக்காட்டில் இருக்கும் குடும்பத்தினர், மாற்றுத் திறனாளிகள், ஓராங் அஸ்லி, விளையாட்டு வீரர்கள் ஆகியோருக்கு யூ.பி.யூ. சேர்க்கையில் தனிவழி திறக்கப்பட்டிருப்பதைப் பெரிய விஷயமாகக் கருதுகிறேன். அதில் இனம் முதற்கேள்வியாக இல்லை. சேர்க்கையின் பெரும்பகுதி பல்கலைக்கழகத்தின் கையில் இல்லை என்பது உண்மைதான். உள்ளே வந்தவரைத் தங்க வைப்பது அதன் கையில் இருக்கிறது. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணத்தின் பெரும்பகுதியை அரசே ஏற்கிறது; 1997இல் தொடங்கிய பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்வி நிதியின் கடனும் உண்டு. கடன் பணம் கைக்கு வரும்வரை முதல் சில வாரங்களை எப்படி ஓட்டுவது என்பதில்தான் ஏழை மாணவர் தடுமாறுகிறார். பதிவுக் கட்டணம், தேசாசிஸ்வா எனப்படும் விடுதிக்கான கட்டணம், மடிக்கணினி, தலையணை, வாளி எல்லாம் ஒரே வாரத்தில் வேண்டும். சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளும் மாணவர்கள் இருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொண்டுதான் வளாக உணவு வங்கித் திட்டமே 2019இல் நாட்டில் தொடங்கப்பட்டது. விடுதிக் கட்டணத்தைத் தவணையில் பெற்றுக்கொள்வது சிறிய நிர்வாக முடிவு. ஒரு பிள்ளையின் படிப்பு அதில் தொங்கக்கூடும்.

உடற்குறை உள்ள மாணவரின் நிலையில் இதே கேள்வி இன்னும் கூர்மையாகிறது. மாற்றுத் திறனாளிகள் சட்டம் 2008இல் இயற்றப்பட்டது. கல்வி பெறும் வழியில் அவர்களுக்கு ஏற்ற வசதியைச் செய்து தர வேண்டும் என்று அதன் 28ஆவது பிரிவு சொல்கிறது. உயர்கல்வி நிலையங்களுக்கான அரவணைப்புக் கொள்கை வழிகாட்டி 2019இல் வெளிவந்தது. மிண்டனோ மேடும் பள்ளமுமான நிலம். இராணுவத்தார் கட்டிய பழைய கட்டடங்களும் படிக்கட்டுகளும் நிறைந்தது. அங்கே சக்கர நாற்காலியில் வரும் மாணவருக்கு மரங்களின் அழகு இரண்டாம் பட்சம். அடுத்த வகுப்புக்குப் பத்து நிமிடத்தில் போய்ச் சேர சாய்தளம் இருக்கிறதா, மின்தூக்கி வேலை செய்கிறதா என்பதே முதற்கவலை. சாய்தளம் கட்டாவிட்டால் அந்தச் செலவு மிச்சமாகிவிடுவதில்லை. அது அந்த மாணவரின் நேரமாகவும், தூக்கிவிட வரும் நண்பனின் முதுகுவலியாகவும், கடைசியில் விட்டுவிட்ட பாடமாகவும் மாறுகிறது.

பெண்கள் குறித்து யூ.எஸ்.எம்.முக்குத் தனி மரபு உண்டு. 1970களின் இறுதியில் தொடங்கிய கனிதா என்ற ஆய்வுத் திட்டம் பின்னர் மகளிர் மேம்பாட்டு ஆய்வு மையமாக வளர்ந்தது. நாட்டின் அரசாங்கப் பல்கலைக்கழக மாணவர்களில் இன்று பாதிக்கு மேற்பட்டவர்கள் பெண்கள். பாலியல் தொல்லைக்கு எதிரான சட்டம் 2022இல் நிறைவேறி, புகாரைக் கேட்கத் தனித் தீர்ப்பாயமும் அமைந்திருக்கிறது. மேற்பார்வையாளரின் கையொப்பத்தை நம்பி முனைவர் பட்டம் காத்திருக்கும் ஆய்வு மாணவிக்கு, புகாரளித்தால் படிப்பு பாழாகாது என்ற உறுதியைப் பல்கலைக்கழகம் தர வேண்டும். அதற்குப் புகார்க் குழு துறைக்கு வெளியே இருக்க வேண்டும்.

அறநெறிக்கு வருவோம். பல்கலைக்கழக அறநெறி என்றதும் காப்பியடித்தலும் திருட்டுக் கட்டுரையுமே பலருக்கு நினைவுக்கு வரும். அவையும் முக்கியம்தான். 2016இல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒன்றின் கட்டுரைகளில் ஒரே சோதனைப் படம் வெட்டி ஒட்டித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தப்பட்டதை வெளிநாட்டு ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். பல்கலைக்கழகம் விசாரித்தது, கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. கட்டுரை எண்ணிக்கையை வைத்துப் பதவி உயர்வு தரும் முறை இருக்கும்வரை அந்த ஆசை தொடரவே செய்யும். ஆயினும் ஆய்வறநெறியின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. அந்த வேரில் நம் நாட்டு மண்ணும், ஒரு வகையில் நம் வீட்டுச் சோறும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களிடையே அது மிகுதியாகவும், தோட்டத் தமிழர்களிடையே அரிதாகவும் காணப்பட்டது. தமிழர்கள் புழுங்கலரிசி உண்டார்கள் என்பதைச் சில மருத்துவர்கள் கவனித்தனர். வில்லியம் ஃபிளெட்சர் என்ற அரசாங்க மருத்துவர் 1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணிட்டு, ஒற்றைப்படை எண்காரர்களுக்கு ஓர் அரிசியும் இரட்டைப்படை எண்காரர்களுக்கு மற்றோர் அரிசியும் கொடுத்தார். தீட்டிய வெள்ளையரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசி உண்டவர்களில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. 1907இல் வெளிவந்த அந்த ஆய்வு, நோய்க்குக் காரணம் உணவில் இருக்கிறது என்பதற்கு முக்கியமான சான்றானது. அறிவியல் வரலாற்றில் அதன் இடம் பெரியது. அந்த 18 பேர் தம் தட்டில் எந்த அரிசி விழுகிறது, ஏன் விழுகிறது என்று அறியாமலே இறந்தார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை. கேட்கும் வழக்கம் அன்றைக்கு இல்லை. அறிவு வளர்ந்ததற்கான விலையை, மறுக்கும் நிலையில் இல்லாதவர்கள் கொடுத்தார்கள்.

1947இன் நியூரம்பெர்க் கோட்பாடும் 1964இன் ஹெல்சிங்கி அறிக்கையும் இப்படிப்பட்ட விலை இனி வாங்கப்படக் கூடாது என்பதற்காகவே எழுந்தன. இன்று மனிதர்களைக் கொண்டு நடத்தும் ஆய்வு எதுவாயினும், ஜெ.இ.பி.எம். எனப்படும் யூ.எஸ்.எம். மனித ஆய்வறநெறிக் குழு போன்ற ஒரு குழுவின் ஒப்புதல் இல்லாமல் தொடங்க முடியாது. பங்கேற்பவருக்கு ஆய்வின் நோக்கமும் ஆபத்தும் விளங்கும்படி சொல்லி, விலகும் உரிமையையும் தெரிவித்து, கையொப்பம் பெற வேண்டும். என் கவலை விளங்கும்படி என்ற சொல்லில் இருக்கிறது. தோட்டத்தில் வளர்ந்து, மலாய் மொழியைச் சந்தைக்குப் போதுமான அளவு மட்டும் கற்று, தமிழில் மட்டுமே வாசிக்கத் தெரிந்த எழுபது வயதுப் பாட்டியிடம் நீரிழிவு பற்றிய ஆய்வுக்காக மலாயிலோ ஆங்கிலத்திலோ அச்சிட்ட நான்கு பக்கப் படிவத்தை நீட்டி, 'இங்கே கையெழுத்துப் போடுங்க பாட்டி' என்று சொன்னால், அவர் போட்டுவிடுவார். பிள்ளை படித்த பிள்ளை, கெட்டது செய்யாது என்ற நம்பிக்கையில் போடுவார். விதி நிறைவேறிவிட்டது, ஒப்புதல் நடக்கவில்லை. மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு மிகுதி என்பதால் அவர்கள் பங்கேற்கும் ஆய்வுகளும் தொடரும். அவற்றுக்கெல்லாம் நல்ல தமிழில், வாய்விட்டு வாசித்தால் புரியும் தமிழில், ஒப்புதல் படிவம் வேண்டும். அதை மொழிபெயர்க்க ஆகும் செலவு ஆய்வு நிதியின் ஓரத்தில் காணாமல் போகும் அளவுக்குச் சிறியது.

வளாகத்தின் அன்றாட வாழ்வில் யாருடைய பெயரும் தெரியாத ஒரு கூட்டம் உண்டு. காலை எட்டு மணி வகுப்புக்கு மாணவர் வருமுன் நடைபாதையைப் பெருக்கி, கழிப்பறையைக் கழுவி, குப்பைப் பையை மாற்றிவிட்டுப் போகிறவர்கள். பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும் பள்ளிகளும் இவ்வேலைகளைக் குத்தகை நிறுவனங்களிடம் ஒப்படைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவர்களில் நடுத்தர வயதுத் தமிழ்ப் பெண்கள் நிறைய. குத்தகை கைமாறும்போது பலருக்குப் பழைய பணிக்காலம் கணக்கில் வராமல் வேலை மறுபடியும் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 ரிங்கிட்; இருபதாண்டு பெருக்கியவருக்கும் நேற்று வந்தவருக்கும் பெரும்பாலும் அதை ஒட்டியே சம்பளம். ஒரு பல்கலைக்கழகம் தன் பணியாளர் சமத்துவக் கணக்கைத் தயாரிக்கும்போது, இவர்கள் வேறொரு நிறுவனத்தின் ஆட்கள் என்பதால் கணக்கில் வராமல் போகக்கூடும். கண்ணியமான வேலை குறித்த இலக்கில், குத்தகைத் தொழிலாளர்களுக்கும் நிகரான உரிமை தரும் கொள்கை இருக்கிறதா என்று மேலே சொன்ன தரவரிசை கேட்கிறது. நல்ல கேள்வி. பதில் ஆவணத்தில் இருந்தால் போதாது. குத்தகை ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தாக இருக்க வேண்டும். எந்த நிறுவனம் வந்தாலும் பழைய ஆட்களைப் பணிக்காலத்தோடு ஏற்க வேண்டும் என்று எழுதிவிட்டால், அதன் செலவு குத்தகைத் தொகையில் வெளிப்படையாகத் தெரியும். இப்போது அது அந்தப் பெண்களின் ஓய்வுக்கால சேமிப்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் கழிகிறது.

அவர்கள் கட்டிவைத்த குப்பைப் பை எங்கே போகிறது என்பதையும் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

2000களின் இரண்டாம் பாதியில் யூ.எஸ்.எம். மாணவர்கள் வெள்ளைச் சவப்பெட்டி என்ற பெயரில் ஓர் இயக்கம் நடத்தினார்கள். உணவைப் பொட்டலம் கட்டித் தரும் வெள்ளைப் பாலிஸ்டிரீன் பெட்டிக்குத்தான் அந்தப் பெயர். மூடி வைத்தால் சிறு சவப்பெட்டி போலவே இருக்கும். மட்காமல் நிற்கும் காலமோ மனித ஆயுளைவிட நீளம். மாணவர்கள் தொடங்கிய இயக்கத்தை நிர்வாகம் ஏற்றுக்கொண்டு வளாகத்தில் அப்பெட்டிகளைத் தடைசெய்தது. பினாங்கு மாநிலமும் 2009இல் வாரத்தில் ஒரு நாள் நெகிழிப் பை இல்லா நாள் என்று தொடங்கி, 2011 முதல் எல்லா நாளும் பைக்கு 20 காசு என்று கொண்டுவந்தது. வீட்டிலேயே குப்பையைத் தரம்பிரிக்கும் விதியை 2016இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இவற்றில் மாணவர் இயக்கத்தை நான் தனியாக மதிக்கிறேன். தடை என்று மேலிருந்து அறிவிப்பது எளிது. பாலிஸ்டிரீன் பெட்டி சில காசு, மாற்றுப் பெட்டி அதைவிடக் கூடுதல் என்ற நிலையில், வெறும் தடை மட்டும் வந்தால் அதன் செலவு வளாக உணவுக்கடை நடத்தும் அக்காவின் மெல்லிய இலாபத்திலிருந்தோ, ஏழை மாணவரின் ஒரு பொட்டலம் சோற்றின் விலையிலிருந்தோதான் வரும். வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டுவரும் பழக்கத்தை மாணவர்களே உண்டாக்கினால் இருவருக்கும் சுமை இல்லை. சூழல் கொள்கை எதுவாயினும் அது யார் சட்டைப்பையிலிருந்து நடைபெறுகிறது என்று பார்த்தாக வேண்டும். பணக்காரர்களுக்கு மட்டும் கட்டுப்படியாகும் பசுமை நிலைக்காது.

தரம்பிரித்த பிறகும் எஞ்சுகிற குப்பை தீவில் தங்குவதில்லை. பத்து மாவுங் இடைமாற்று நிலையம் வழியாக அது கடல் கடந்து, தென் செபராங் பிறையில் நிபோங் திபால் அருகிலுள்ள பூலாவ் பூரோங் குப்பை நிலத்துக்குப் போய்ச் சேர்கிறது. தீவின் உயர்மாடிகளில் உண்டது, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையின் உணவுக்கூடங்களில் மிஞ்சியது, மிண்டன் விடுதிகளில் எறிந்தது எல்லாம் அங்கே மலையாகக் குவிகின்றன. 2022 ஜனவரியில் அந்த மலை தீப்பற்றியது. தீயணைப்பு வீரர்கள் நாள்கணக்கில் போராட வேண்டியிருந்தது. குப்பைக்குள்ளிருந்து எழும் வாயுவும் ஆழத்தில் கனலும் நெருப்பும் மேலே ஊற்றும் நீருக்கு எளிதில் அடங்குவதில்லை. புகை அருகிலிருந்த பைரம் தோட்டத்தைச் சூழ்ந்தது. அங்குள்ள மக்கள் வீடுகளை விட்டுத் தற்காலிக இடங்களுக்கு மாற்றப்பட்டார்கள். பைரம் தோட்டம் என்று சொல்லும்போதே அதன் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளியும் எங்களுக்கு நினைவில் வரும். பினாங்கு மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளில் அதுவும் ஒன்று. தீவு தூய்மையாக இருப்பதற்கான செலவில் ஒரு பங்கைப் பைரத்தின் பிள்ளைகள் அந்த நாள்களில் மூச்சாக இழுத்தார்கள்.

இங்கேதான் பல்கலைக்கழகம் மறுபடியும் வருகிறது. யூ.எஸ்.எம். பொறியியல் வளாகம் தீவில் இல்லை. 2001 முதல் அது நிபோங் திபாலில், அதே தென் செபராங் பிறையில் இயங்குகிறது. குப்பை நிலத்தின் அடியில் ஊறும் கருநிறக் கசிவுநீரைச் சுத்திகரிப்பது பற்றி அதன் குடிசார் பொறியியல் ஆய்வாளர்கள் இருபது ஆண்டுகளாக எழுதியவற்றில் பூலாவ் பூரோங்கின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. அம்மோனியா நைட்ரஜன், நிறம், கரிமச் சுமை ஆகியவற்றைக் கரியும் சியோலைட் என்ற கனிமமும் கொண்டு குறைக்கும் வழிகளை அங்கே எடுத்த மாதிரிகளில் சோதித்திருக்கிறார்கள். உலகின் பல குப்பை நிலங்களுக்குப் பயன்படும் அறிவு அது. அந்தப் பொறியியலாளர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

அந்தக் கட்டுரைகள் பன்னாட்டு இதழ்களில் ஆங்கிலத்தில் வந்தவை. கிணற்று நீரையும் வாய்க்காலையும் பற்றி அவற்றில் என்ன இருக்கிறது, தம் வீட்டிலிருந்து எத்தனை தூரத்தில் எது கலந்திருக்கிறது, மறுமுறை புகை வந்தால் குழந்தையை முதலில் எங்கே கொண்டுபோக வேண்டும் என்பதையெல்லாம் பைரத்து மக்களுக்கு மலாயிலும் தமிழிலும் எழுதிக் கொடுத்து, பள்ளி மண்டபத்தில் உட்கார வைத்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் ஒரு மாலை நேரம் ஆய்வுத் திட்டத்தின் செலவுப் பட்டியலிலேயே ஒரு வரியாக இடம்பெற வேண்டும். கசிவுநீர் மாதிரி எடுக்க வண்டி போகும் அதே சாலையில்தான் அந்த மண்டபத்துக்கும் போக வேண்டும்.